ஆஸ்பத்திரியை எந்தக் கோலால் அளப்பது?

(திருவொற்றியூர்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். ஏன் அந்தப் பெயர்? 1782இல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. முதலில் கஞ்சி, பிறகு மருந்து. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

சர்க்கார் தன் சுகாதாரத் திட்டத்தை எப்படி அளக்கிறது? இத்தனை கட்டிடம், இத்தனை படுக்கை, இத்தனை கோடி ரூபாய் என்று. அது கட்டியவர் கணக்கு. படுத்தவர் கணக்கு வேறு. டாக்டரைப் பார்க்க எத்தனை நாள் கூலி போயிற்று? மருந்து கடைசி வரை கிடைத்ததா? யார் வெளியே நிறுத்தப்பட்டார்? நோய் வராமல் தடுக்க என்ன செய்தார்கள்? இந்த நான்கு கேள்விகள்தான் நமது அளவுகோல்.

முதல் இரண்டுக்கும் நம் சென்னையே உலகத்துக்குப் பதில் சொன்னது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததை உண்டு இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு, இலவசம். 1959இல் முடிவு வெளிவந்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை! வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. உலகமே சானடோரியத்தை விட்டு வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்ப இது வழிகாட்டியது. நம்மைப் போன்ற ஏழைகள் தந்த பாடம் என்ன? மருந்து தடையில்லாமல் கிடைத்து, விட்டுப்போனவரை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் ஏழையும் பிழைப்பான். இடையில் மருந்து நின்றால் நோய் முற்றக்கூடும். பிறகு வழக்கமான மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. 1994இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறை அது. பிற மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் 2009இல் வந்த காப்பீட்டுத் திட்டத்தையும் அதே கோலால் அளப்போம். பெரிய ஆபரேஷனுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. அன்றாடக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அது உதவாது. பொதுப் பணத்தில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. அந்தப் பணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரையும் நர்ஸையும் வைத்திருந்தால் எத்தனை நோய் முற்றாமல் நின்றிருக்கும்?

மூன்றாவது கேள்வி: வெளியே நிற்பவர் யார்? 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1955இல் நம் மாகாணத்தில் அமலாயிற்று. 2019 ஜூலை முதல் 100 ரூபாய் கூலியில் நம் பங்கு 75 காசு, முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு. காண்டிராக்ட் தோழர்களே, உங்கள் பெயரில் அது கட்டப்படுகிறதா? கார்டு கையில் இருக்கிறதா? விபத்து நடந்த பிறகு கேட்பதைவிட இன்றே கேளுங்கள். வயலில் நாற்று நடும் தோழருக்கோ அந்தக் கார்டே கிடையாது. அவருக்கு அரசு ஆஸ்பத்திரி ஒன்றுதான் கதி. ஆகவே அதைக் காப்பது ஆலைத் தொழிலாளியின் கடமையும் ஆகும்.

நான்காவது, தடுப்பு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கே டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள், சரி. ஆனால் குழாயைச் சோதிப்பதும், ஆபத்தை முன்கூட்டி அறிவிப்பதும் சுகாதாரம் இல்லையா? புகைபோக்கியை விட்டுவிட்டு நுரையீரலை மட்டும் பார்ப்பது பாதி வைத்தியம்.

இப்போது கஞ்சிக்கு வருவோம். சேத்துப்பட்டு முடிவைக் காட்டி, 'சாப்பாடு முக்கியமில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்த நோயைத் தீர்க்க மருந்து போதும் என்றுதான் அது காட்டியது. நோய் வராமலிருக்க? ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. ஆக, கூலியும் அரிசியும் பருப்பும்கூட மருந்துதான்!

தோழர்களே, ஒவ்வொரு குப்பத்திலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் போனார், எத்தனை மணி காத்திருந்தார், என்ன மருந்து இல்லை, எவ்வளவு கூலி போயிற்று என்று எழுதுங்கள். டாக்டரோடும் நர்ஸோடும் சண்டை வேண்டாம். ஆள் பற்றாமல் அவர்களும் அல்லாடுகிறார்கள். அந்த நோட்டோடு அதிகாரிகளிடம் கூட்டமாகப் போவோம். தனியாக ஒருவன் போய்ச் சொன்னால் அது முணுமுணுப்பு. ஆயிரம் பேர் கணக்கோடு போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.