எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைக் கர்ப்பிணிகளின் உணவு பற்றிப் பேசச் சொன்னாங்க. முட்டை, கீரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அங்கன்வாடியிலேயே உங்களுக்குச் சொல்லியாச்சு. அதைவிட இப்போ குழுவுக்குக் குழு ஓடிக்கிட்டு இருக்கிற பேச்சு ஒண்ணு இருக்கு. "அந்த ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு செத்துடுச்சாமே, அங்கே போகலாமா?" இதை என்கிட்டக் கேட்காத கர்ப்பிணியே இல்லை. அதைத்தான் பேசப்போறேன்.

கம்பெனி பஸ்ஸில் ஒரு கதை ஏறினால், சுங்குவார்சத்திரத்தில் ஏறினது ஒரகடத்தில் இறங்கும்போது ரெண்டு கதையா இறங்கும். அதுக்காக எல்லாம் பொய்னு நான் சொல்லமாட்டேன். நடந்ததுதான். ஆனா பாதி இருக்காது. செத்துப்போச்சுன்னு சொல்றவங்க, அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குள்ளே போனாங்க, முதல்ல எங்கே காட்டினாங்க, எதையும் சொல்றதில்லை. கதை கேட்கும்போது இந்த நாலையும் கேளுங்கம்மா. பதில் தெரியலைன்னா அந்தக் கதையை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், எழும்பூர் தாய்சேய் மருத்துவமனைக்கும் சுத்துப்பட்டுல இருந்து அனுப்புறது எந்த மாதிரி கேஸ்? வேற இடத்துல முடியாதுன்னு கைவிட்டது. வலிப்பு வந்தது, ரத்தப்போக்கு நிற்காதது, குழந்தை குறுக்கே கிடக்கிறது. கஷ்டமான கேஸ் எல்லாம் போய்ச் சேர்ற இடத்துல சாவும் கூடத்தான் தெரியும். சிக்கலான கேஸை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு "அங்கே ஒரு சாவுகூட இல்லை"ன்னு பேர் கிடைச்சிடும். பேரை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம்.

பயத்துல ஆஸ்பத்திரியே வேண்டாம்னு போறவங்களும் உண்டு. 2018 ஜூலையில் திருப்பூரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படிச்ச பெண், பள்ளிக்கூட ஆசிரியை. யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாங்க. குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கலை, அந்தப் பொண்ணு போயிடுச்சு. பிரசவம் ஆன பிறகு வர்ற ரத்தப்போக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆளைக் கொண்டுபோயிடும். அது யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்லவும் முடியாது. அதுவரைக்கும் எல்லாம் சரியா இருந்தவளுக்கும் வரும். நம்ம மாநிலத்துல 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நூத்துக்கு 99-க்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018-20-ல் நாட்டுக்கு 97, நமக்கு 54. அந்த 54-உம் ஒரு வீட்டுப் பொண்ணுதான். ஆனா வீட்டுல பெத்து இந்த எண் இறங்கலை.

சரி, அரசா தனியாரா? டைல்ஸ் பளபளன்னு இருக்கா, ஏசி இருக்கான்னு பார்க்காதீங்க. நேரா போய்க் கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மகப்பேறு டாக்டர் இங்கேயே இருப்பாங்களா, போன் பண்ணினாத்தான் வருவாங்களா? மயக்க மருந்து டாக்டர்? ரத்தம் இங்கேயே இருக்கா, இல்லை ஆளை அனுப்பி வாங்கணுமா? குழந்தை அழலைன்னா வெச்சுப் பார்க்கப் பச்சிளங்குழந்தை வார்டு இருக்கா? இதுக்கு முகம் சுளிச்சா அதுவும் ஒரு பதில்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிற சீமாங்க் மையங்கள் இதுக்காகவே 24 மணி நேரமும் நடக்குது. சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். நம்ம செவிலியர்களோட கை பழகின கை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரெட்டைக் குழந்தை, முன்னாடி ஆபரேஷன், ரத்தம் ஏழுக்குக் கீழே, இதுல ஒண்ணு இருந்தாலும் முதல்லயே பெரிய இடத்துல பதிஞ்சு வெச்சிடுங்க.

ஆபரேஷன் விஷயத்தையும் சொல்லிடுறேன். அதே கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகள்ல நூறு பிரசவத்துக்குச் சுமார் 64 ஆபரேஷன். அரசுல 36. அதுவும் அதிகம்தான். ஆபரேஷன் உயிரைக் காப்பாத்தும், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா "ஏன் வேணும், காத்திருந்தா என்ன ஆகும்"னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. ஒரு குழுவில் ஒரு உறுப்பினர், மருமகளோட பில்லைக் கட்டக் குழுக் கடன், அது பத்தாம வெளிவட்டின்னு வாங்கி, பேரனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சும் தவணை கட்டிக்கிட்டு இருந்தாங்க. காது குத்தக் காசு இல்லை. கடன் வாங்குறதைத் தப்புன்னு சொல்லலை. சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, ஆபரேஷன்னா எவ்வளவு, குழந்தையை வார்டுல வெச்சா ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு எட்டாம் மாசத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்க.

அரசு ஆஸ்பத்திரின்னா திட்டுவாங்க, ஆயாவுக்குக் காசு கொடுக்கணும்னு சொல்றீங்க. நடக்குது. நானே அந்தத் துறையில இருந்தவ, மறைக்க மாட்டேன். வலியில இருக்கிறவளைத் திட்டுறது எந்த நியாயத்துலயும் சேராது. 104-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். பிரசவ நேரத்துல கூட ஒரு பெண் துணை இருக்கலாம்னு நம்ம அரசு அனுமதி கொடுத்துப் பல வருஷம் ஆச்சு. அம்மாவோ அக்காவோ பக்கத்துல நின்னா பாதிப் பேச்சு அடங்கிடும்.

இப்போ நம்ம ஊர் ரோடு. வண்டலூர் – வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சந்திக்கிற இடத்துல ராத்திரி கன்டெய்னர் வரிசையா நிற்கும். பகல்ல பைக்கில போன நேரத்தைக் கணக்கு வைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரை ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் மாறுற நேரத்துல போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. 108 ஆம்புலன்ஸ்ல தெருப் பேர் சொன்னா போதாது, எந்தக் கம்பெனி கேட், எந்தக் கோயில் பக்கம்னு சொல்லணும். அதை எழுதி அடுப்படிச் சுவத்துல ஒட்டுங்க. வலி வரும்போது மாமியாருக்கு வாய் வராது.

வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்குத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ போற பிள்ளைகள், தாய்சேய் அட்டையையும் பிக்மி எண்ணையும் கையோட எடுத்துட்டுப் போங்க. பிக்மி எண் இல்லாம குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கு அலையணும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவு வேணும். அந்த ஊர் நர்ஸ்கிட்ட போன உடனே காட்டிடுங்க. ஈஎஸ்ஐ பிடிக்கிறவங்க, உங்க கான்ட்ராக்டர் உண்மையிலேயே கட்டுறாரான்னு இப்பவே பாருங்க. 26 வாரச் சம்பளம் அதுலதான் இருக்கு.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுத் தீர்மான நோட்டிலும் அந்த மாசம் ஒன்பது மாதக் கர்ப்பிணி யார், எந்த ஆஸ்பத்திரி, ரத்த வகை என்ன, ராத்திரி வண்டி யாரோடதுன்னு ஒரு பக்கம் ஒதுக்குங்க. சந்தா எழுதுற கையாலேயே அதையும் எழுதலாம். டீ வந்துடுச்சு, குடிச்சுட்டுக் கேள்வி இருக்கிறவங்க இங்கேயே வாங்க, நான் ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் போவேன்.