இந்த ஆண்டு கொஞ்சம் விளையாடுவோம்

ஹெட்போன் இல்லாமல் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாத என் ஹாம் தோழர்களே, "இவர்கள் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் போவோமே" என்று வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் 2026-ஆம் ஆண்டின் வாழ்த்தும் வணக்கமும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, ஹாம் ரேடியோ என்றால் பேரிடர்காலத் தோழன் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தட்டிக்கொண்டே, இன்றைக்கு இதை வைத்துக் கொஞ்சம் சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. ஹாம் என்பவர் அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு கால்சைன், அதாவது அழைப்புப் பெயர், பெற்று, வானலையில் மற்றவர்களோடு பேசுபவர். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறியீட்டில் எதையும் அனுப்பக் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தெரிந்தே பேசும் பேச்சு இது. பன்னிரண்டு வயதானால் தேர்வெழுதலாம். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். வியூ2ஆர்ஜி அவருடைய கால்சைன். இது போதும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஆட்சியர் அலுவலகம் போனாலும் பள்ளிக்கூடம் போனாலும் நாம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம்: புயல் வந்தால் நாங்கள் வருவோம், வெள்ளம் வந்தால் நாங்கள் வருவோம். அப்படிச் சொல்லிச் சொல்லி நாமே அதை நம்பிவிட்டோம். விளைவு? உரிமம் வாங்குகிறோம், செட் வாங்குகிறோம், பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் புயலுக்குக் காத்திருக்கிறோம். புயல் வருகிற அன்று பெட்டியைத் திறந்தால் பேட்டரி செத்திருக்கும், கேபிள் முனை பச்சை பூத்திருக்கும், எந்த பட்டன் எதற்கு என்பது மறந்திருக்கும்.

2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தமான் நிக்கோபாரிலிருந்து ஹாம் நிலையம் இயங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகத்து ஹாம்கள் இன்னும் பேசக் கிடைக்காத இடங்களின் பட்டியலில் அந்தமானை எழுதிவைத்துக்கொண்டு ஏங்கிக் கிடந்த காலம். விடாமல் முயன்று அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஒரு குழு அங்கே போய், ஒரு ஓட்டலில் ஆன்டெனா கட்டி உட்கார்ந்தது. எதற்கு? தொடர்பு சேர்ப்பதற்கு. தபால்தலை சேர்ப்பவர்களுக்குப் பக்கத்து இருக்கை நம்முடையது என்பதை ஒப்புக்கொள்வோம். ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஹாம்கள் முட்டி மோதிக்கொண்டு கூப்பிட, இரவு பகலாக அந்த அம்மையார் வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தமான விளையாட்டு.

டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், காலை ஆறரை மணி வாக்கில் தரை ஆடியது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று. வெளியே ஓடிய குழு திரும்ப வந்து செட்டைத் தூக்கி நிறுத்தியது. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று நாடெங்கும் துடித்த பெற்றோருக்கு அந்த நிலையத்தின் வழியாகச் செய்தி போயிற்று. பிறகு கார் நிக்கோபாருக்கும் குழுவைச் சேர்ந்தவர் போய் நிலையம் அமைத்தார். அதே நாட்களில் இலங்கையில் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அந்த நாட்டு ஹாம்கள் சிற்றலையில் தொடர்பு கொடுத்தார்கள்.

போர்ட் பிளேருக்குப் போனவர்களில் ஒருவர்கூடச் சேவை செய்யப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். விளையாடப் போனார்கள். விளையாடிக்கொண்டிருந்ததால் ஆன்டெனா மேலே இருந்தது, கை பழகியிருந்தது, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே எட்டும் என்று தெரிந்திருந்தது. சேவை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

நம் ஊர்க் கதையையும் பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்ததை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தாண்டை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தோம். கையில் செல்போன் இருந்தது, சார்ஜ் இல்லை. சார்ஜ் இருந்தவருக்கு டவர் இல்லை. போன நவம்பர் கடைசியில் திட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. இனியும் வரும். தேதி மட்டும்தான் தெரியாது. தேதி தெரியாத ஒன்றுக்கு ஒத்திகை பார்க்க ஒரே வழி, தினமும் செய்வது. தினமும் செய்ய வேண்டுமென்றால் அது இஷ்டமானதாக இருக்க வேண்டும். கடமையை யார் ஐயா தினமும் காலையில் எழுந்து செய்கிறார்கள்?

இந்த மண்ணில் வானொலியே இஷ்டத்தில் பிறந்ததுதான். 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பையும் ஆரம்பித்துவிட்டார். பணமில்லாமல் கிளப் மூன்றாண்டில் படுத்துக்கொண்டது. அந்த டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930-லிருந்து ஒலிபரப்ப, மெரினாவில் ஒலிபெருக்கியைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல். ஆர்வக்காரர்கள் அதற்குப் பதினான்கு வருஷம் முந்தியவர்கள்.

சரி, செய்திகளுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி உலக ஹாம்களின் தாய் அமைப்பான சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனுக்கு நூறு வயது நிறைந்தது. பாரிஸ் நகரத்தில் 1925-இல் தொடங்கியது. ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பெங்களூரு மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். தலைக்கு மேல் நிலையம் கடக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் கேள்வியும் பதிலும் முடிந்தாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் விசாரித்தார்கள் தெரியுமா? விசாரித்தவர்களுக்கு நாம் என்ன காட்டினோம் என்பதுதான் என் கவலை.

மே மாதத்தில் இன்னொன்று நடந்தது. இணையக் கடைகளில் வாக்கி டாக்கியைப் பொம்மை மாதிரி விற்றுக்கொண்டிருந்ததற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடிவாளம் போட்டது. நல்லது. ஒரு மீனவ நண்பர் போன வாரம்கூட என்னிடம் கேட்டார், "அண்ணே, இந்த செட்ட நம்ம படகுல வெச்சிக்கலாமா?" என்று. வைக்கக் கூடாது ஐயா. கடலுக்கான அலைவரிசை வேறு, அதற்கான கருவி வேறு, உரிமம் வேறு. ஆபத்தில் நீங்கள் கூப்பிட்டால் கடலோரக் காவல் படை கேட்கிற இடத்தில் அது ஒலிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி சூரியனில் இருக்கிறது. 2024 அக்டோபர் வாக்கில் சூரியப் புள்ளிகள் உச்சத்தைத் தொட்டு இப்போது இறங்கத் தொடங்கிவிட்டன. இதற்கு முந்தைய அடிமட்டம் 2019 டிசம்பர். இந்த இரண்டு மூன்று வருஷமாக 28 மெகாஹெர்ட்ஸில் ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பாவோடு பேசிவிட்டு, நம் ஆன்டெனாவின் சாமர்த்தியம் என்று மார்தட்டினோம். ஆன்டெனா அல்ல, சூரியன் போட்ட பிச்சை. அந்தப் பட்டை இனி மெல்ல மெல்ல மூடும்.

அது போகட்டும், அமெரிக்கா கிடைக்காவிட்டால் குடிமுழுகாது. திருச்சி கிடைக்காவிட்டால்தான் ஆபத்து. நம் வீட்டு மாடியில் இருபது, இருபத்தைந்து அடி உயரத்தில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் கம்பி ஆன்டெனா நேராக வானத்தைப் பார்த்துத்தான் பாய்ச்சுகிறது. மேலே அயனி மண்டலம் அதைத் திருப்பி, பூவாளியைச் சாய்த்ததுபோல, சுற்றிலும் முந்நூறு கிலோமீட்டருக்குத் தூவுகிறது. சென்னையோ மதுரையோ சேலமோ எல்லாம் அதில் நனையும். சூரியன் சோம்பினால் அயனி மண்டலமும் நோஞ்சானாகிவிடும். இரவிலும் விடியலிலும் நேராக மேலே போகும் அலை ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். டெல்லி கணீரென்று கேட்கும், திருச்சி கேட்காது. அப்போது கை கொடுப்பது 3.5 மெகாஹெர்ட்ஸ்.

ஆகவே இந்த ஆண்டின் முதல் வேலை, மாவட்டத்தில் நான்கு இடத்திலாவது 3.5-க்கு ஆன்டெனா. கம்பி நீளம் ஏறத்தாழ 130 அடி. "மாடிமேல் மாடி கட்டிய தெருவில் 130 அடிக்கு எங்கே போவது?" என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. நடுவில் ஒரு மூங்கிலை உயர்த்தி இரண்டு முனையையும் சரித்துக் கட்டுங்கள். இடம் போதாவிட்டால் முனையை மடக்கி விடுங்கள், பாதகமில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கிற பங்காளி யாருக்காவது இருந்தால் இந்தப் பொங்கலுக்குக் கரும்புக்கட்டோடு போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, செட்டை நாமே செய்வது. ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான் என்ற நம் ஆள் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டை உலகம் முழுக்க ஹாம்கள் வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துச் செய்தார்கள். இங்கே கடைத்தெருவில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்தே அவர் வரைந்தார். சுருள் சுற்ற வெளிநாட்டு வளையம் வேண்டாம், தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷர் போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு டிவி ஆன்டெனாவின் பின்னால் இருக்கும் பாலன் என்கிற சிறு துண்டு போதும் என்றார். ஆறு வாட் வரும். தன் கையால் செய்த பெட்டியில் முதல் குரல் கேட்கிற பிள்ளைக்கு அதற்குப் பிறகு நீங்கள் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. விடுமுறையில் ஒரு பட்டறை நடத்தலாம். சால்டரிங் அயர்ன் என்னிடம் நிறைய இருக்கிறது, என் மனைவி இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

கணினியை வைத்துத் தொடர்பு கொள்ளும் எஃப்டி8 முறை பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் கொடுத்தது அது. காதுக்கே கேட்காத சமிக்ஞையைக் கணினி பதினைந்து பதினைந்து விநாடியாகப் பொறுக்கி எடுத்துவிடுகிறது. அபாரமான மூளை வேலை, மறுக்கவில்லை. ஆனால் நம் இஷ்டப்படி ஒரு செய்தி அனுப்ப அதில் பதின்மூன்று எழுத்துதான் இடம். இன்ன கிராமத்துக்கு இத்தனை இன்சுலின் வேண்டும் என்று அதில் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம். விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயையும் திறந்து பேசுங்கள்.

மோர்ஸையும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் கீழ்நிலை உரிமத்துக்கு அது தேவையில்லை, பொது நிலைக்குத் தேவை. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பழைய கைவிசைக்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறது. நமக்கு அது காலை ஐந்தரைக்குத் தொடங்கும். மதிப்பெண் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. விசையைத் தட்டி வாழ்த்துச் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான். இந்த வியாழக்கிழமை நானும் உட்கார்ந்தேன். என் தட்டல் தள்ளாடியது என்பது வேறு விஷயம்.

இந்த மாதமே மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளா. ஆண்டுதோறும் வெஸ்ட் பெங்கால் ரேடியோ கிளப் அங்கே கூடாரம் போட்டு, கூட்டத்தில் தொலைந்துபோன முதியவர்களைப் பல மாநிலத்து ஹாம்கள் துணையோடு வீடு சேர்க்கிறது. பாஷை தெரியாமல் நிற்கிற ஒரு பாட்டி தன் ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல, அந்தப் பெயரை வைத்து ஆளைத் தேடுகிறார்கள். நம் பக்கத்துப் பாட்டி யாராவது அங்கே நின்றால் பதில் சொல்ல இந்தப் பக்கத்தில் செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டாமா?

கடைசியாக, மிக எளிய வேலை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு ஒரு நெட், அதாவது வானலையில் ஒரு கூட்டம். நிபந்தனை ஒன்றுதான்: வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வர வேண்டும். பைக் பேட்டரி போதும், ஐந்து வாட்டுக்கு வைத்தால் அரைமணி நேரம் தாராளமாகப் பேசலாம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. மலிவு எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் 7 மெகாஹெர்ட்ஸில் போடுகிற இரைச்சல் உங்களுக்குத் தெரியும். மெயினை இறக்கிய மறுநொடி மீட்டர் முள் விழுவதைப் பாருங்கள்; இதுவரை கேட்காத தூரத்துக் குரல்கள் மேலே வரும். வீட்டில் மிக்ஸி ஓடுகிற நேரமாயிற்றே என்றால், சட்னியை முன்கூட்டியே நாமே அரைத்துக் கொடுத்துவிடுவோம்.

முதல் நெட் வருகிற 11-ஆம் தேதி. 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, யாரும் பேசாத இடமாகப் பார்த்து நான் கூப்பிடுகிறேன். கூட்டத்தை நடத்த ஒரு ஆள் நெட் கன்ட்ரோல், வாரம் ஒருவர் மாறி மாறி. கூப்பிட்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கேட்கிற ஊரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்போம். அடுத்த வருஷம் எந்த ஊர் எந்த நேரத்தில் கேட்கும் என்று வரைபடமே போட்டுவிடலாம். உரிமம் இன்னும் கைக்கு வராதவர்கள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பக்கத்து ஹாம் வீட்டில் போய் உட்கார்ந்து கேளுங்கள். பெயர் கொடுப்பவர்களுக்கு வாசல் பக்கம் மேஜையில் நோட்டு இருக்கிறது. பேனா இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்களுடையதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.