உடன்போக்கும் ஒன்பது மணிக் கப்பலும்



வீட்டார் அறியாமல் தலைவனுடன் செல்லத் துணிந்த தலைவி ஒருத்தி, விடியற்பொழுதில் தன் காற்சிலம்பைக் கழற்றுகிறாள். அதன் ஒலி வீட்டை எழுப்பிவிடக் கூடாது. கழற்றிய சிலம்பைத் தன் விளையாட்டுப் பந்தோடு சேர்த்து வைக்கும்போது, இவற்றைக் காணுந்தோறும் தோழியர் வருந்துவார்களே என்று அவள் கண் கலங்குகிறது. நற்றிணை காட்டும் காட்சி இது. உடன்போக்கு என்று நம் அகமரபு பெயரிட்ட பெரும்பொருளின் சுமை முழுவதும் இந்தச் சிறு செயலில் அடங்கியிருக்கிறது.

அகப்பாட்டில் தலைமக்களுக்குப் பெயர் இல்லை. பெயரும் நாளும் நேரமும் தெரிந்த உடன்போக்கு ஒன்று ஆங்கில இலக்கிய வரலாற்றில் உண்டு. 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19, சனிக்கிழமை. இலண்டன் விம்போல் தெரு 50ஆம் எண் வீட்டிலிருந்து எலிசபெத் பாரெட் என்ற கவிஞர் வெளியேறிய நாள் அது. அவருக்கு வயது 40. அவரை எதிர்நோக்கியிருந்த கவிஞர் இராபர்ட் பிரௌனிங்கிற்கு வயது 34.

எலிசபெத் பல ஆண்டுகள் நோயுற்று மாடி அறையிலேயே வாழ்ந்தவர். 1844இல் இரு தொகுதிகளாக வெளிவந்த கவிதைகள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. அக்கவிதைகளைப் படித்த பிரௌனிங் 1845 சனவரி 10 அன்று முதற் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே 20 அன்றுதான் இருவரும் நேரில் கண்டனர். இருபது மாதங்களில் இருவருக்குமிடையே 570க்கு மேற்பட்ட கடிதங்கள் சென்று வந்தன. நடுவே நின்றவர் தந்தை. தம் மக்களுள் எவரும் மணம் புரிவதை அவர் ஏற்கவில்லை. உடல்நலம் கருதி மகள் குளிர்காலத்தை இத்தாலியில் கழிக்க விரும்பியபோதும் அவர் இசையவில்லை.

1846 செப்டம்பரில், வீட்டைச் செப்பனிடுவதற்காகக் குடும்பம் முழுவதும் நாட்டுப்புறம் செல்ல வேண்டுமென்று தந்தை முடிவு செய்தார். இனிக் காலம் தாழ்த்த இயலாது. செப்டம்பர் 12 அன்று மேரிலிபோன் தேவாலயத்தில் சான்றினர் இருவர் முன்னிலையில் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் தந்தையின் வீட்டுக்கே திரும்பினார். மணமோதிரத்தைக் கழற்றி மறைத்தார். நற்றிணைத் தலைவி சிலம்பைக் கழற்றியது வீட்டை விட்டுப் போவதற்காக. எலிசபெத் மோதிரத்தைக் கழற்றியது அவ்வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருப்பதற்காக. அந்த வாரம் முழுவதும் பிரௌனிங் அவ்வீட்டுப் படியேறவில்லை. தம் மனைவியை 'மிஸ் பாரெட்' என்று கேட்டு வாயிலில் நிற்க அவர் மனம் ஒப்பவில்லை.

அவ்வாரத்துக் கடிதங்களில் கவிதை குறைவு. கால அட்டவணையே மிகுதி. எந்தக் கப்பல் எந்த நாளில் புறப்படும் என்பதில் பிரௌனிங் முதலில் குழம்பினார். ஒருமுறை எழுதியதை மறுமுறை திருத்தினார். சிக்கலான கவிதைகளைப் படைத்த அந்த மூளை, கப்பல் அட்டவணையின் முன் தடுமாறியது. இறுதியில் ஏற்பாடு முடிவாயிற்று: பிற்பகல் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையே ஹாட்ஜ்சன் புத்தகக் கடையில் சந்திப்பு; ஐந்து மணிக்கு நைன் எல்ம்ஸ் நிலையத்தில் புகைவண்டி; எட்டு மணிக்குச் சவுத்தாம்ப்டன்; ஒன்பது மணிக்குக் கப்பல். நிலையத்தின் கதவுகள் ஐந்து நிமிடம் முன்னதாகவே மூடப்படும் என்பதையும் அவர் மறவாமல் எழுதினார். செலவுக்குத் தம் தந்தையிடம் 100 பவுன் கடன் பெற்றார்.

பெட்டிகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டன. சுமையைக் குறைக்க வேண்டும் என்பது உடன்பாடு. பிரௌனிங் எழுதிய கடிதங்களை விட்டுச் செல்ல எலிசபெத் முயன்று பார்த்தார், முடியவில்லை. எடை கூடினாலும் கூடட்டும் என்று எடுத்துச் சென்றார். தந்தைக்கும் உடன்பிறந்தாருக்கும் எழுதிய கடிதங்களை விட்டுச் சென்றார். கொண்டு சென்றவையும் கடிதங்கள். விட்டுச் சென்றவையும் கடிதங்கள்.

அன்று பிற்பகல் அவருடன் சென்றோர் இருவர்: பணிப்பெண் வில்சனும், ஃப்ளஷ் என்னும் நாயும். அகமரபில் தோழிக்கு உரிய இடத்தில் இங்கே வில்சன் நிற்கிறார். அகத்தோழி தலைவியை வழியனுப்பி வைப்பவள். வில்சனோ தம் பிழைப்பையும் ஊரையும் பணயம் வைத்து உடன்சென்றார். சிலம்பு ஒலிக்கக் கூடாது என்பது அங்கே கவலை. நாய் குரைக்கக் கூடாது என்பது இங்கே. நாய் குரைக்கவில்லை.

புத்தகக் கடையில் கணவர் காத்திருந்தார். இரவுக் கப்பல் கால்வாயைக் கடந்து மறுநாள் பிரான்சு நாட்டின் லெ ஹாவ்ர் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ரூவான் வரை புகைவண்டிப் பாதை 1847இல்தான் திறக்கப்பட்டது; ஆகவே குதிரை வண்டியில் இரவுப் பயணம். செப்டம்பர் 21 அன்று பாரிஸ். மாடி அறையை விட்டு வெளிவருவதே அரிதாக இருந்த ஒருவர், இரு நாட்களுக்குள் புகைவண்டியிலும் கப்பலிலும் குதிரை வண்டியிலும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காதற்காலத்தில் எலிசபெத் மறைவாக எழுதிய 44 பாக்கள் 1850இல் அச்சேறின. உலகம் அவற்றைப் போற்றுகிறது. ஆயினும் அந்தக் காதலின் துணிவை அறிய விரும்புவோர் கால அட்டவணைக் கடிதங்களையும் படிக்க வேண்டும். ஐந்து மணி வண்டியைத் தவறவிட்டால் அந்தப் பாக்களின் சொற்கள் வெறும் சொற்களாகவே நின்றிருக்கும். உயர்ந்த உணர்ச்சி தன்னை மெய்ப்பித்துக்கொள்வது பெரும்பாலும் இத்தகைய சிறு காரியங்களில்தான்.

இவ்வரலாற்றில் நம் மரபு கூர்ந்து நோக்கும் இன்னொரு பக்கமும் உண்டு. உடன்போக்கைப் பாடிய நம் புலவர்கள் சென்றவர்களை மட்டும் பாடவில்லை. வெறிச்சோடிய வீட்டில் நற்றாயையும், சுரத்திடைத் தேடும் செவிலியையும் பேசவைத்தனர். விம்போல் தெருவின் தந்தை பேசவே இல்லை. 1851இல் மகள் இலண்டன் வந்தபோது, ஐந்தாண்டுகளாக அவர் எழுதிய கடிதங்கள் உறை பிரிக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றுள் கறுப்பு முத்திரையிட்டவையும் இருந்தன. குழந்தை இறந்த செய்தியோ என்று ஐயுறக்கூடிய உறையையும் அவர் பிரிக்கவில்லை. பின்னர் மணம் புரிந்த ஹென்ரியட்டாவையும் ஆல்பிரட்டையும் அவ்வாறே ஒதுக்கினார். 1857இல் மன்னிக்காமலே இறந்தார். எலிசபெத் 1861இல் ஃபிளாரன்சில் கணவரின் கைகளில் உயிர் துறந்தார்.

அந்த வீடு இன்று இல்லை. அதன் வாயிற்கதவு மட்டும், கடிதங்கள் நுழைந்த பித்தளைத் துளையோடு, அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியில் காதற் கடிதங்களோடு காக்கப்படுகிறது. அதன் வழியாக உள்ளே சென்ற கடிதங்கள் ஒரு பெண்ணை வெளியே அழைத்து வந்தன. வெளியே சென்ற பெண் எழுதிய கடிதங்களுக்கோ உள்ளிருந்து மறுமொழி வரவில்லை. செவிலியின் புலம்பலைப் பாட்டாக்கிய மரபில் வந்த கவிஞர்கள் அந்தத் தந்தையின் மௌனத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும்.