மூங்கிலுக்குள் ஒரு குடும்பம்

(மலையடிவார ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. மலைக்காட்டுத் தவளைகளோ தம் வாயால்தான் நமக்குத் தெரிய வருகின்றன. அவற்றின் தோல் ஈரத்தை வேண்டுவது. ஆதலால் வெயிலுக்கு ஒதுங்கி, மழை பெய்த இரவுகளில் வெளிவந்து துணையை அழைக்கின்றன. அக்குரலைக் கேட்டு எழுதி வைப்பார் இல்லையேல், அவை வாழ்வதும் மறைவதும் எவருக்கும் தெரியாமற் போகும்.

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு பச்சைத் தவளை வாழ்கின்றது. 'ராவோர்செஸ்டஸ் சலசோடஸ்' என்பது அறிவியலார் இட்ட பெயர். 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற இத்தவளை, நூறாண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாதிருந்தது. மீண்டும் காணப்பட்டதாக 2011ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது.

இதன் இல்வாழ்க்கை வியப்புக்குரியது. காட்டு மூங்கிலின் கணுவிடையில், அடிப்புறமாக உள்ள சிறு பிளவின் வழியே ஆண் தவளை உடலைக் குறுக்கி உள்ளே புகும். உள்ளிருந்தே குரல் கொடுக்கும். பெண் வந்து முட்டையிட்டுச் சென்றபின், தந்தையே அவற்றைக் காக்கும். தலைப்பிரட்டைப் பருவம் இதற்கில்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையே வெளிப்படும். இரவிரவாகக் காத்திருந்து இதனைக் கண்டறிந்த ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டு ஆய்விதழில் எழுதினர். காவலிருக்கும் தந்தையை அகற்றினால் அதே இனத்து வேறு ஆண்கள் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன என்பதை 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மூங்கில் வெட்டுவோன் கண்ணுக்கு அது வெறுங்கழி. ஆனால் அதன் உள்ளே ஒரு தந்தையும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். ஒரு வெட்டில் ஒரு குடும்பமே அழியும். அறியாமல் செய்வதைத் தடுக்க அறிவு ஒன்றே வழி.

இரவில் கவனிப்பதற்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி அடியெடுத்து வைத்தலாகாது. நம் குளக்கரையும் தோப்பும் பயிற்சிக்குப் போதும். இரண்டாவது, மங்கிய விளக்கே போதும், பேச்சு வேண்டாம். மூன்றாவது, தவளையைக் கையால் தொடலாகாது. நம் கையிலுள்ள உப்பும் பூச்சிமருந்தும் அதன் தோல்வழியே உட்செல்லும். நான்காவது, ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமுன் காலணியைக் கழுவி உலர்த்துதல் வேண்டும். பல நாடுகளில் தவளைகளை மாய்த்த பூஞ்சை நோய் ஈரத்தில் பரவுவது. ஐந்தாவது, தேதி, நேரம், மழை பெய்ததா, குரல் நீரிலிருந்தா, மரத்திலிருந்தா, மூங்கிலிலிருந்தா என்பவற்றை அன்றிரவே குறித்தல் வேண்டும்.

இக்குறிப்புகள் எங்கே சேர வேண்டும்? 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. பெயரளவில் எழுதி அலமாரியில் வைப்பதற்கன்று அப்பதிவேடு. நம் முதியோரும் காணி மக்களும் செவிவழியாக அறிந்திருப்பவை பல. அவர்களை அழைத்து, கேட்டு, எழுதுவோம்.

ஊர் நிலத்தில் மூங்கில் வெட்ட ஏலம் விடுமுன், பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். குரல் கேட்ட புதரை விட்டு மற்றதை வெட்டுவோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நோட்டும் சில இரவுகளும் போதும். பூச்சிகளைத் தின்னும் தவளையும், மழைநீரைத் தேக்கித் தரும் காடும் உழவனுக்கு அயலார் அல்லர். வரும் மழைக்காலத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.