விருந்தினர் படுக்கைக்கு உலர்ந்த விரிப்பு



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் சகோதரிகள் சிலர் இப்போது சிறு தங்கும் விடுதிகளில் அறை கூட்டவும் துணி துவைக்கவும் போய் வருகிறார்கள். கேமரன் மலையில் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் இத்தகைய விடுதிகள் உண்டு. ஆறு அறை, எட்டு அறை, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் உலர்த்தும் இயந்திரம் இருப்பதில்லை; பின்கட்டுக் கொடியே கதி என்று இருப்பவர்களும் உண்டு.

பகல் 12 மணிக்கு ஒருவர் அறையைக் காலி செய்கிறார். 2 மணிக்கு அடுத்தவர் வந்து நிற்கிறார். இடையில் ஒரு மழை. விரிப்பின் ஓரம் இன்னும் ஈரம். “பரவாயில்லை, விரித்துவிடு” என்கிறார் முதலாளி. இரவில் விருந்தினர் வாடை என்று முகம் சுளித்தால், கேள்வி வருவது துவைத்த பெண்ணிடம்தான். இந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

மலையில் துணி ஏன் காய்வதில்லை என்று முதலில் பார்ப்போம். நன்றாகப் பிழிந்த பருத்தி விரிப்பிலும் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டும். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகைக் காற்று சுமார் 17 கிராம்தான் தாங்கும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றும் குளிர், மூடுபனியும் அதிகம். ஆகவே கீழே சமவெளியில் உள்ள ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற துணி, மலையில் அரை நாள் தொங்கினாலும் ஆச்சரியமில்லை. துவைத்தவர் கையில் குறை ஒன்றும் இல்லை.

குளிர்ந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது காற்றோட்டம். துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது தள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த ஈரம் வெளியேறும். விரிப்பை இரண்டாக மடித்து ஒரே கொடியில் போட்டால் உள்மடிப்பு காயாது. ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, ஒரு ஓரத்தை ஒன்றிலும் மறு ஓரத்தை மற்றொன்றிலும் கிளிப்புப் போட்டுத் தொட்டில்போல் தொங்க விடுங்கள். நடுவே காற்று ஓடும். அடிப்பாகம் தரையைத் தொடாதபடி கொடி உயரமாக இருக்கட்டும். இரும்புக் கம்பி வேண்டாம். துரு பட்ட வெள்ளை விரிப்பு வீண். நைலான் கயிறே போதும்; அதையும் துணி போடுமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

மலையில் பிற்பகல் மழை சாதாரணம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேட்கவே வேண்டாம். எனவே காலை 8 மணிக்குள் முதல் துவைப்பு கொடிக்குப் போய்விட வேண்டும். மாலைப் பனி இறங்கும்வரை விட்டுவைத்தால் காய்ந்த பருத்தியும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை நாளுக்கு, பக்கங்கள் திறந்த ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மின்விசிறியும் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? குளிரில் காய்ந்த துணியும் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும், கை ஏமாந்துபோகும். கால் மணி நேரம் வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஓரத்தில் தடித்துத் தைத்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி வைக்கும்போது அந்த ஓரத்தில் ஆவி கிளம்பினால் மறுபடியும் கொடிக்குத்தான் போக வேண்டும். தலையணை உறையின் மூலைகளும் இப்படித்தான் நம்மை ஏய்க்கும்.

ஈரத்தோடு மடித்தால் வாடை வருவது ஏன்? துவைத்த பிறகும் துணியில் தங்கிவிடும் ஒருவகை நுண்ணுயிர், ஈரம் கிடைத்ததும் பெருகி அந்த மக்கல் வாடையைக் கிளப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அதை அடையாளம் காட்டினார்கள். மொராக்செல்லா என்பது அதன் பெயர். பெயர் நினைவில் நிற்காவிட்டால் பாதகமில்லை! மணத்திரவத்தை ஊற்றி இதை மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. மல்லிகை மணமும் மக்கல் வாடையும் சேர்ந்து வரும்போது இரண்டும் கெட்டுப்போகின்றன என்பது எங்கள் எண்ணம்.

இவ்வளவும் செய்தாலும், ஒரு கட்டிலுக்கு இரண்டே விரிப்பு உள்ள விடுதியில் அடைமழை பெய்தால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டிலில் ஒன்று, துவைப்பில் ஒன்று, அலமாரியில் உலர்ந்தபடி ஒன்று என மூன்று வேண்டும். ஆறு கட்டிலுக்குப் பதினெட்டு. இதை முதலாளியிடம் கேட்பது துவைக்கிறவரின் உரிமை என்றே சொல்வோம். கேட்கத் தயங்கும் சகோதரிகள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாளில் மழை, எத்தனை விரிப்பு காயவில்லை, எந்த அறைக்கு ஈரத்தோடு விரிக்கச் சொன்னார்கள். ஒரு மாதக் கணக்கை மேசையில் வைத்துப் பேசினால், பழி யார் மேல் என்ற பேச்சு மாறி, துணி எத்தனை வாங்குவது என்ற பேச்சு தொடங்கும்.

புதிதாகக் காய்ந்ததை அலமாரியில் அடியில் வையுங்கள். மேலே இருப்பதை முதலில் எடுங்கள். அலமாரிக் கதவு வெயில் நாளில் சற்றுத் திறந்தே இருக்கட்டும்.