பிள்ளைக்கு மட்டுமா தேர்ச்சி அறிக்கை?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்ததும், "கணக்குல ஏண்டா மார்க்கு குறைஞ்சுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். நம் வாழ்க்கைக்கு அப்படி ஓர் அறிக்கை எழுதிப் பார்த்ததுண்டா? உடல்நலம், வருமானம், வீட்டு ஒற்றுமை, படிப்பு, அக்கம்பக்கத்து உறவு: இவை ஐந்தும் நம்முடைய பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?

"ஏதோ ஓடுது" என்பது மனநிறைவு அல்ல. போதும் என்ற மனம் வேறு. நம்மால் ஆகாது என்று சோர்ந்த மனம் வேறு.

நம் முன்னோர் ஒருமுறை இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். 1950களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள். பாடுபட்ட மண்ணில் ஒரு பிடியும் தமக்குச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பால் வெட்டிய கை பங்குதாரர் கையானது!

அவர்கள் செய்தது என்ன? எது குறை என்று கண்டார்கள். சிறு தொகையானாலும் மாதம் தவறாமல் கட்டினார்கள். சேர்ந்து நின்றார்கள். அவ்வளவுதான்.

நாமும் அப்படியே செய்வோம். ஐந்தையும் ஒரே நாளில் திருத்த முடியாது. மார்க்கு குறைந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் என்றால், கடைக்கடன் எழுதும் 555 புத்தகத்தைப் போல வீட்டுச் செலவுக்கும் ஒன்று வையுங்கள். ஒற்றுமை என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். படிப்பு என்றால், பிள்ளை படிக்கும் அரைமணி நேரம் டிவியை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் மார்க்கு போடுங்கள்.

மாணவர்களே! பரிசு கிடைக்காதவர்கள் வாட வேண்டாம். பக்கத்துப் பையனின் மார்க்கோடு ஒப்பிடாதீர்கள். சென்ற பரீட்சையில் நீங்கள் வாங்கிய மார்க்கோடு ஒப்பிடுங்கள். நான்கு மார்க்கு கூடினாலும் அது வளர்ச்சிதான்.

பெற்றோர்களே, இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள். அதில் உங்கள் பிள்ளை கையெழுத்துப் போடட்டும்!