முள் காட்டும் அழுத்தம்

செம்பனை ஆலையில் குலைகளை அவிக்கும் கலனில் நீராவி அழுத்தம் ஏறக்குறைய 3 பார். பழைய கணக்கில், சதுர அங்குலத்திற்கு 43½ இறாத்தல். ஒரு பார் பதினான்கரை இறாத்தல் அல்லவா?

முள் 1-இல் நிற்கும்போது, "ஒன்றுதானே" என்று கதவைத் திறக்கப் போய்விடாதீர்கள். சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். கதவின் ஒவ்வொரு சதுர அடியையும் நீராவி 2,000 இறாத்தலுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கும்! முள் பூஜ்யத்திற்கு இறங்கட்டும். நீராவியும் முழுக்க வெளியேறட்டும்.

1972-இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. நம் வாயில் என்னவோ இன்னும் இறாத்தல்தான். பிரிக்பீல்ட்ஸ் பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் கருவி கிலோபாஸ்கல் காட்டினால், பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் வழி இது: இறாத்தலை ஏழால் பெருக்குங்கள். 30 இறாத்தலுக்கு 210. சரியான விடை 207. டயருக்கு இந்தக் கணக்குப் போதும், கொதிகலனுக்குப் போதாது.